ஆயில் சொல்லும் சாட்சி: பழைய அவுட்போர்டு மோட்டாரில் எண்ணெய்க் கோளாறுகள்



கடற்கரை ஊர்களிலிருந்து வந்து நம்மோடு படிப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். லீவுக்கு ஊருக்குப் போனதும், "தம்பி, நீ மெக்கானிக்கல் படிக்கிற பிள்ளைதானே, இந்த என்ஜினைக் கொஞ்சம் பாரேன்" என்று யாராவது கூப்பிடுவார்கள். பெரும்பாலும் அது இரண்டு மூன்று கை மாறி வந்த அவுட்போர்டு மோட்டாராக இருக்கும். அரசாங்கத் தமிழில் 'வெளிப்பொருத்தும் இயந்திரம்'. கன்னியாகுமரி, தூத்துக்குடிப் பக்கம் வள்ளங்களிலும் ஃபைபர் படகுகளிலும் பின்னால் மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

பைக் வழியில் நின்றால் தள்ளிக்கொண்டாவது வீடு வந்து சேரலாம். கரை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பிஸ்டன் பிடித்துக்கொண்டால்? ஆகவே இந்த மோட்டாரில் ஆயில் என்பது மெயின்டனன்ஸ் விஷயம் மட்டுமல்ல, உயிர் விஷயமும்கூட.

"குறைஞ்சிருக்கா, ஊத்து. கறுத்திருக்கா, மாத்து." இதுதான் வழக்கமாக நடக்கும் வைத்தியம். ஆனால் ஆயில் தானாக மாயமாவதில்லை. ஒன்று எரிந்திருக்கும், இல்லாவிட்டால் ஒழுகியிருக்கும். நிறமோ அளவோ மாறியிருந்தால் வேறு ஏதோ உள்ளே வந்து கலந்திருக்கலாம். எது என்று பார்க்காமல் புது ஆயில் ஊற்றினால், இருந்த ஒரே சாட்சியையும் நாமே அழித்துவிடுகிறோம்.

எந்த ஆயிலைப் பற்றிப் பேசுகிறோம்?

முதலில் இதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். டூ-ஸ்ட்ரோக் மோட்டாரில் எரிபொருளோடு சேரும் ஆயில் ஒன்று. ஃபோர்-ஸ்ட்ரோக் மோட்டாரில் அடியில் தேங்கி நிற்கும் சம்ப் ஆயில் இன்னொன்று. எந்த மோட்டாரானாலும் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் கியர் பெட்டியின் ஆயில் மூன்றாவது. மூன்றுக்கும் வேலை வேறு, கோளாறும் வேறு.

டூ-ஸ்ட்ரோக்: கலவையில்தான் உயிர்

வெப்பப் பொறியியல் பாடத்தில் படித்ததை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கலவை முதலில் கிராங்க் கேஸுக்குள் வந்துதான் மேலே போகிறது. கிராங்க் பேரிங், கனெக்டிங் ராடின் இரண்டு முனைகள், சிலிண்டர் சுவர் எல்லாவற்றுக்கும் அந்தக் கலவையிலுள்ள ஆயில்தான் ஒரே மசகு. பல மோட்டார்களுக்கு 50:1 விகிதம். அதாவது 1 லிட்டருக்கு 20 மில்லி, 10 லிட்டருக்கு 200 மில்லி. பழைய மாடல் சிலவற்றுக்கு 25:1, அதாவது இரு மடங்கு. மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டாருக்கும் ஆயில் வேண்டும். எந்த மோட்டாருக்கு எவ்வளவு என்பதைக் கையேட்டில் பார்த்து ஊற்றுங்கள், கண்ணளவு வேண்டாம்.

ஆயில் அதிகமானால் புகை, நனைந்த பிளக், எக்ஸாஸ்டில் கறுப்பு ஒழுகல். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் கொஞ்சம் புகை வருவது சகஜம். சூடான பிறகும் நிற்காமல் வந்தால் விகிதம், கார்புரேட்டர், திறந்தே நின்றுவிட்ட தெர்மோஸ்டாட் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். ஆயில் குறைந்தாலோ புகையே தெரியாது, என்ஜின் சுத்தமாக ஓடுவது போலத் தோன்றும். திடீரென்று பிடித்துக்கொள்ளும். இரண்டில் ஆபத்தானது இதுதான்!

பைக்குக்கு விற்கும் 2டி ஆயில் மலிவு என்று ஊற்றுகிறவர்கள் உண்டு. அது காற்றால் குளிரும் என்ஜினுக்கானது, எரிந்தால் சாம்பல் விடும். அவுட்போர்டு மோட்டாரோ கடல் தண்ணீரால் குளிர்ந்துகொண்டே மணிக்கணக்கில் முழு வேகத்தில் ஓடுவது. அந்தச் சாம்பல் பிளக்கிலும் பிஸ்டன் தலையிலும் படிந்து கேடு செய்யும். டப்பாவில் 'டி.சி.-டபிள்யூ3' என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

சில மோட்டார்களில் தனி ஆயில் டாங்கும் பம்பும் உண்டு. கை மாறி வந்த மோட்டாரில் பழைய சொந்தக்காரர் அந்தப் பம்பைக் கழற்றிவிட்டுக் கலந்து ஊற்றிக்கொண்டிருந்திருக்கலாம். அது தெரியாமல் வெறும் பெட்ரோல் ஊற்றினால் கதை முடிந்தது. எனவே வாங்கும்போதே, "அண்ணே, கலந்து ஊத்துறதா, தனியா ஊத்துறதா?" என்று கேட்டுவிடுங்கள். பதில் திருப்தியாக இல்லையா? முதல் டாங்குக்கு 50:1 கலந்தே ஊற்றி, ஆயில் டாங்கில் பென்சிலால் ஒரு கோடு போட்டு ஓட்டுங்கள். மட்டம் சரியாக இறங்கினால் பம்ப் வேலை செய்கிறது. இறங்காவிட்டால் பம்ப், குழாய், உள்ளே சிக்கிய காற்றுக்குமிழ் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும்.

இன்னொரு புது வில்லனும் இருக்கிறான். நம் நாட்டில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனை 2023-இல் தொடங்கியது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவு மீறித் தண்ணீர் சேர்ந்தால், தண்ணீரும் எத்தனாலும் ஒன்றாகப் பிரிந்து டாங்கின் அடியில் தங்கிவிடும். ஆயில் மேலே பெட்ரோலோடு நிற்கும். என்ஜின் இழுப்பதோ அடியிலிருந்து! மாதக்கணக்கில் கிடந்த கலவையை ஊற்றாதீர்கள்.

ஃபோர்-ஸ்ட்ரோக்: ஆயில் கூடுவதும் நோய்தான்

மோட்டாரை நேராக நிறுத்தி, என்ஜினை அணைத்துச் சற்று நேரம் கழித்துத்தான் டிப் ஸ்டிக் பார்க்க வேண்டும். சாய்ந்திருந்தால் அளவு பொய் சொல்லும். மட்டம் குறைந்தால் ஒழுகலா, எரிகிறதா என்று பார்ப்போம். மட்டம் கூடியிருந்தால்? சந்தோஷப்படாதீர்கள். ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை அடித்தால், ஆயிலில் பெட்ரோல் கலந்து அது நீர்த்துவிட்டது. குளிர்ந்த நிலையிலேயே நெடுநேரம் மெதுவாக ஓட்டுவது, தெர்மோஸ்டாட் மூடாமல் நிற்பது, பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் கிழிந்திருப்பது ஆகியவை காரணங்களாக இருக்கலாம். ஆயில் பால் நிறமானால் தண்ணீர் வந்திருக்கிறது. ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள்.

படுக்க வைத்துக் கொண்டுவந்த மோட்டாரை உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். தவறான பக்கம் படுத்திருந்தால் ஆயில் சிலிண்டருக்குள் இறங்கியிருக்கும். பிளக்கைக் கழற்றி, கையால் சுற்றிப் பார்த்த பிறகே ஸ்டார்ட்.

கியர் பெட்டி: பால் காபி நிறம் வந்தால்

இங்கே ஆயிலின் நிறமே தீர்ப்பு. தேன் நிறமோ, அந்தந்த ஆயிலுக்குரிய நிறமோ இருந்தால் நல்லது. பால் காபி போலிருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மோட்டாரை ஓர் இரவு முழுக்க நேராக நிறுத்தி, காலையில் கீழ் ஸ்க்ரூவை லேசாகத் தளர்த்துங்கள். தேங்கிய தண்ணீர் இருந்தால் அதுதான் முதலில் வரும்.

பெரும்பாலும் குற்றவாளி புரொப்பெல்லர் ஷாஃப்டின் ஆயில் சீல். கடலில் மிதக்கும் தங்கூசி நரம்பு ஷாஃப்டில் சுற்றி, சீலை அறுத்துவிடும். புரொப்பெல்லரைக் கழற்றினால் நரம்பு தெரியும். அடுத்த சந்தேகம் ஸ்க்ரூவின் வாஷர். மலிவான சாமான்தான், பழையதையே மாட்டினால் கியர் பெட்டியையே தின்றுவிடும். எங்கே ஓட்டை என்று தெரியவில்லையா? ஆயிலை வடித்துவிட்டு 10 பி.எஸ்.ஐ. காற்று கொடுத்து, சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழ் வரும் இடத்தைத் தேடுங்கள்.

ஸ்க்ரூவிலுள்ள காந்தத்தில் மாவு போல் கறுப்புப் படிவு இருந்தால் சாதாரணத் தேய்மானம். விரலில் குத்தும் உலோகச் சில் இருந்தால் கியர் உடைகிறது என்று அர்த்தம். அந்த மோட்டாரை வாங்கும் முன் பத்து முறை யோசியுங்கள்.

புது ஆயிலைக் கீழ்த் துளை வழியாகவே ஏற்றுங்கள். மேல் துளையில் குமிழில்லாமல் வழிந்ததும் முதலில் மேல் ஸ்க்ரூவை மூடி, பிறகு கீழே மூட வேண்டும். மேலிருந்து ஊற்றினால் காற்று உள்ளே சிக்கிக்கொள்ளும்.

முடிவாக...

வாங்கப்போகிறவர் பக்கத்தில் நாம் நிற்கிறோம் என்றால், முதலில் செய்ய வேண்டியது கியர் ஆயிலில் சில சொட்டு இறக்கிப் பார்ப்பதுதான். "நேத்துதான் புது ஆயில் மாத்தினேன்" என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், கூடுதல் கவனம் தேவை. அப்படியானால் ஒரு மணி நேரம் தண்ணீரில் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள்.

வடித்த ஆயிலைக் கடலிலோ மணலிலோ கொட்டாமல் டப்பாவில் பிடித்து வையுங்கள், பழைய ஆயில் எடுப்பவரிடம் கொடுத்துவிடலாம். ஆனால் அதற்கு முன் ஒரு நிமிஷம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, விரலில் தேய்த்து, முகர்ந்துவிடுங்கள். நாளைக்கு அந்த மோட்டாரை நம்பிக் கடலுக்குப் போகிற மனிதர் பத்திரமாகக் கரை திரும்ப, அந்த ஒரு நிமிஷம் உதவும்.