பக்கத்து நாற்காலி

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், சேப்பல் ஹில் என்னும் ஊரிலுள்ள பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து அணிக்கு 1961 முதல் 1997 வரை தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர் டீன் ஸ்மித். அவர் பதவியிலிருந்து விலகிய நாளில் அவருடைய கணக்கில் 879 வெற்றிகள் இருந்தன. முதல் பிரிவுக் கல்லூரிகளின் ஆடவர் ஆட்டத்தில் அதற்குமேல் வென்ற பயிற்சியாளர் அன்றைக்கு எவரும் இல்லை. அவருடைய கீர்த்தியை எடுத்துரைக்க ஆட்கள் ஏராளமாக இருக்கிறார்கள். ஆடுகளத்தின் ஓரத்தில் அவருக்குப் பக்கத்து நாற்காலிகளில் அமர்ந்து, ஒரே ஆசானிடம் ஒரே வித்தையைக் கற்று, முற்றிலும் வேறான கதிகளை அடைந்த பில் கத்ரிஜ், ராய் வில்லியம்ஸ் என்ற இருவரைப் பற்றியே நான் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில், உதவிப் பயிற்சியாளர் என்னும் உத்தியோகத்தின் மேடு பள்ளங்களை இவ்விருவரின் ஜீவிதத்தைப்போல் தெளிவாகக் காட்டக்கூடியது வேறில்லை என்பது என் அபிப்பிராயம்.

அந்நாட்டில் கல்லூரிக் கூடைப்பந்து என்பது மாணவர்களின் மாலை நேர விளையாட்டன்று. முதல் பிரிவில் மட்டும் 360க்கு மேற்பட்ட கல்லூரிகள் ஆடுகின்றன. பெரிய பல்கலைக்கழகங்களின் ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் இலட்சக்கணக்கானோர் பார்க்கிறார்கள். தலைமைப் பயிற்சியாளரின் ஊதியம் அந்தப் பல்கலைக்கழகத் தலைவரின் ஊதியத்தைப் பன்மடங்கு விஞ்சி நிற்பதும் உண்டு. இத்தகைய பதவிக்குப் போக ஒரு பரீட்சையும் இல்லை, பட்டயமும் இல்லை. பந்தும் துவாலையும் எடுத்துக் கொடுக்கும் மாணவ உதவியாளனாகவோ, முதுகலை வகுப்பில் பெயரைப் பதிந்துகொண்டு கல்விக் கட்டணச் சலுகைக்காக உழைப்பவனாகவோ, வீடியோ வெட்டி ஒட்டுபவனாகவோ ஒருவன் உள்ளே நுழைகிறான்; யாராவது ஒரு தலைமைப் பயிற்சியாளரின் நம்பிக்கையைப் பெறுகிறான்; அந்த நம்பிக்கையே அவனுடைய யோக்கியதாபத்திரம்.

கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் முதல் பயிற்சியாளராக இருந்தார். (ஆட்டத்தைப் படைத்த அவர் 55 ஆட்டங்களில் வென்று 60இல் தோற்றார் என்பதும், அப்பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர்களுள் வெற்றியைவிடத் தோல்வி மிகுந்தவர் அவர் ஒருவரே என்பதும் ஒரு வேடிக்கை.) அவரிடம் பயின்றவர் ஃபாக் ஆலன், ஆலனிடம் ஆடியும் பின்பு உதவியாளராக இருந்தும் பயின்றவர் டீன் ஸ்மித். தம்பூரா மீட்டிக்கொண்டு பின்பாட்டுப் பாடும் சிஷ்யன் ஒருநாள் தனிக் கச்சேரிக்கு உட்காருவதைப்போல, இங்கேயும் வித்தை ஆளிடமிருந்து ஆளுக்கே இறங்கி வருகிறது.

ராய் வில்லியம்ஸ் அதே மாநிலத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஐந்து ஆண்டு பயிற்சியாளராக இருந்தவர். 1978இல் டீன் ஸ்மித் அவரைப் பகுதிநேர உதவியாளராக அழைத்தபோது, பல்கலைக்கழகம் தருவதாகச் சொன்ன சம்பளம் ஆண்டுக்கு 2,700 டாலர். மனைவியும் கைக்குழந்தையும் உள்ள ஒருவர், நிரந்தரமான பள்ளி உத்தியோகத்தை விட்டுவிட்டு இதை ஏற்றுக்கொண்டார் என்றால், அதைத் துணிவு என்பதா, பித்து என்பதா? குடும்பம் நடக்கவேண்டுமே என்று அவர் அணியின் நாட்காட்டிகளைக் கடை கடையாக ஏறி விற்றார். அந்தக் காலத்தில் டீன் ஸ்மித்தின் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒளிநாடாவில் பதிவாகி நிலையங்களுக்குப் போய்ச் சேரவேண்டியிருந்தது; ஞாயிறுதோறும் விடியுமுன் எழுந்து, அந்த நாடாக்களைக் காரில் போட்டுக்கொண்டு மேற்கே மலைப்பக்கத்து ஆஷ்வில் வரை போய்த் திரும்ப ஏறக்குறைய 500 மைல் ஓட்டி, அதற்கென்று கிடைத்த சிறு கூலியையும் வாங்கிக்கொண்டார்.

உதவியாளர் செய்யும் வேலைதான் என்ன? ஒரு பருவத்தில் ஏறக்குறைய 30 ஆட்டங்கள். எதிரணிகளை உதவியாளர்கள் தமக்குள் பங்கிட்டுக்கொள்கிறார்கள். தம் பங்குக்கு வந்த அணியின் பழைய ஆட்டங்களை ஓடவிட்டு, நிறுத்தி, பின்னோக்கித் தள்ளி மறுபடியும் ஓடவிட்டு, அவர்களில் எவன் இடக்கையால் பந்தைத் தட்டிக்கொண்டு போகத் தயங்குகிறான், அவர்களுடைய பயிற்சியாளர் முஷ்டியை உயர்த்தினால் அடுத்து என்ன வருகிறது, ஆட்டம் முடியப் பத்து விநாடி இருக்கையில் பந்து யாரிடம் போகிறது என்பவற்றையெல்லாம் குறித்து, அவற்றை ஒரு வாலிபன் மனத்தில் வாங்கக்கூடிய அளவுக்கு இரண்டு மூன்று பக்கங்களில் சுருக்கி, பிறகு தம் அணியின் மாற்று ஆட்டக்காரர்களையே எதிரணி மாதிரி ஆடச்செய்து காட்டவேண்டும். இவ்வளவும் பலித்து அணி வென்றால் நிருபர்கள் சூழ்ந்துகொள்வது தலைமைப் பயிற்சியாளரை. அது நியாயந்தான், தோற்றால் வசவு கேட்பவரும் அவரே அல்லவா?

இதைவிடப் பெரிய வேலை ஆள் பிடிப்பது. ஜூலை மாதம் வந்தால் உதவியாளர்கள் ஊர் ஊராகப் போய், உள்ளரங்குகளில் பள்ளிப் பிள்ளைகளின் ஆட்டத்தைக் காலை முதல் இரவு வரை பார்க்கிறார்கள். அங்கே பிள்ளைகளோடு பேசக்கூடாது என்பது விதி. ஆகவே, தம் பல்கலைக்கழகத்தின் சின்னம் பொறித்த சட்டையை அணிந்து, பையனுடைய கண்ணில் படும்படியான இடமாகப் பார்த்து உட்கார்ந்துவிடுகிறார்கள்! 1980இல் வில்மிங்டன் நகரத்துப் பள்ளியொன்றில் நன்றாக ஆடும் பையன் ஒருவன் இருப்பதாகக் கேள்விப்பட்டு முதலில் போய்ப் பார்த்து வந்தவர் கத்ரிஜ்; அந்தக் கோடையில் சேப்பல் ஹில் முகாமுக்கு அவன் வந்தபோது கண்டு வியந்து, அவனுக்காகப் பரிந்து நின்றவர் வில்லியம்ஸ். பையனின் பெயர் மைக்கேல் ஜோர்டன். 1982இல் டீன் ஸ்மித்துக்கு முதல் தேசிய வாகையைத் தேடித்தந்த பந்து அவன் கையிலிருந்துதான் போயிற்று.

இவ்வளவு உழைப்புக்கும் தகுந்த ஊதியம் உண்டா என்றால், இன்று பெரிய பல்கலைக்கழகங்களில் தாராளமாகவே உண்டு. முன்பு நிலைமை வேறு. செலவைக் குறைக்கிறோம் என்று என்.சி.ஏ.ஏ. என்னும் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 1992இல் ஒரு விதியை நடைமுறைப்படுத்தியது: ஒவ்வோர் அணியிலும் உதவியாளர்களுள் ஒருவருக்குக் கல்வியாண்டில் 12,000 டாலரும் கோடையில் 4,000 டாலரும்தான் அதிகபட்சம். தலைமைப் பயிற்சியாளரின் வருமானத்தை அந்த விதி தொடவில்லை. சிக்கனத்தைக் கடைசிப்படியில் நிற்பவனிடமிருந்து தொடங்கும் வழக்கம் எல்லா நாட்டு ஸ்தாபனங்களுக்கும் பொது போலும். பாதிக்கப்பட்டவர்கள் வழக்காடினார்கள்; வர்த்தகப் போட்டியைக் காக்கும் சட்டத்துக்கு இது விரோதம் என்று 1995இல் நீதிமன்றம் சொல்ல, மேல்முறையீட்டிலும் அது நிலைத்து, கடைசியில் 1999இல் சங்கம் 5 கோடியே 45 இலட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது.

பணம் வேறு வழியிலும் வந்திருக்கிறது. 2017 செப்டம்பரில் நான்கு பெரிய பல்கலைக்கழகங்களின் உதவிப் பயிற்சியாளர்கள் நால்வரை மத்தியப் புலனாய்வுத் துறை கைது செய்தது. நட்சத்திர ஆட்டக்காரர்களைக் குறிப்பிட்ட நிதி ஆலோசகர்களிடம் திருப்பிவிடுவதற்காக லஞ்சம் வாங்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. நால்வரும் ஒப்புக்கொண்டார்கள், இருவர் மூன்று மாதம் சிறைத் தண்டனை பெற்றார்கள். தலைமைப் பயிற்சியாளர் ஒருவர்மீதும் குற்றம் சாட்டப்படவில்லை. பையனுக்கும் அவன் குடும்பத்துக்கும் மிகவும் நெருங்கிப் பழகுகிறவர் உதவியாளர் என்பதை நன்கறிந்தே தரகர்கள் அவரைத் தேடிப் போனார்கள்.

வில்லியம்ஸ் பத்து ஆண்டு உதவியாளராக இருந்தார். 1988இல் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் இடம் காலியாக, கல்லூரி அணி எதற்கும் அதுவரை தலைமை வகித்தறியாத அந்த 37 வயதுக்காரரைத் தம்முடைய பழைய கல்லூரிக்குச் சிபாரிசு செய்தார் டீன் ஸ்மித்.

கத்ரிஜோ 1967இல் வந்தவர், அங்கேயே இருந்துவிட்டார். வாய்ப்பு வராமலில்லை, 1978இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பதவியை ஒப்புக்கொண்டவர், மனம் மாறித் திரும்பி வந்தார். நெட்டையான ஆட்டக்காரர்களுக்குக் கால் வைக்கும் விதத்தைக் கற்பிப்பது, எறிதலைத் திருத்துவது ஆகியவற்றிலேயே முப்பது ஆண்டுகள் கழிந்தன. இதை ஆசையின்மை என்று இகழ்பவர்கள் உண்டு. கற்பிப்பதில் இன்பம் காண்பவனுக்கு, நன்கொடையாளர் விருந்துகளும் நிருபர் கூட்டங்களும் நிறைந்த தலைமைப் பதவி ஒரு பதவி உயர்வே அல்ல என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 1997 அக்டோபரில், பருவம் தொடங்கச் சில வாரங்களே இருக்கையில் டீன் ஸ்மித் ஓய்வு பெற, அறுபதாவது வயதில் கத்ரிஜ் தலைமை ஏற்றார். முதல் பருவத்திலேயே 34 வெற்றி, 4 தோல்வி. மூன்று ஆண்டுகளில் இருமுறை தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணிகளுள் ஒன்றாகத் தம் அணியைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, 2000இல் ஓய்வு பெற்றார்.

தலைவர் போனால் அவருடைய உதவியாளர்களின் இடமும் போய்விடும் என்பது இத்தொழிலின் எழுதாத விதி. கத்ரிஜுக்குப் பின் வில்லியம்ஸை அழைத்தார்கள். அவர் கான்சாஸை விட்டு வர மறுத்தார். ஆகவே, அவரிடமே முன்பு உதவியாளராக இருந்த மாட் டோஹர்ட்டி வந்தார். அதுவரை தாம் இருந்த நோட்டர் டேம் பல்கலைக்கழகத்திலிருந்து தம் உதவியாளர்களையும் உடன் அழைத்து வந்தார். சேப்பல் ஹில்லின் முன்னாள் நட்சத்திர ஆட்டக்காரரும் அங்கேயே பன்னிரண்டு ஆண்டுகள் உதவிப் பயிற்சியாளராக இருந்தவருமான ஃபில் ஃபோர்டு உட்பட பழையவர்கள் வெளியேற நேர்ந்தது. மூன்றே ஆண்டில் டோஹர்ட்டியும் விலக, 2003இல் வில்லியம்ஸ் வந்தார், கான்சாஸிலிருந்து தம் உதவியாளர்களைக் கூட்டிக்கொண்டு. டோஹர்ட்டியுடன் வந்தவர்கள் வேறிடம் தேடவேண்டியதாயிற்று.