மாங்காய்ப் பூட்டும் மாயக் கண்ணாடியும்

எங்கள் ஊரான ஹுத்தான் மெலிந்தாங்கில் ராத்திரி பத்து மணிக்குத் தெருவோடு நடந்து பாருங்கள். வீட்டுக்கு வீடு கிரில் கதவை இழுத்துச் சாத்துவார்கள். அடுத்து மாங்காய்ப் பூட்டு 'டக்'கென்று விழும். சாவி ஒரு வீட்டில் சாமி மேடைக்குப் போகும், இன்னொரு வீட்டில் அம்மாவின் தலையணைக்கு அடியில், வேறொரு வீட்டில் ஃபிரிட்ஜ் மேல். திருடனை வெளியே நிறுத்தத்தான் பூட்டுகிறோம். வீட்டுக்குள் தீப்பிடித்தால் அதே பூட்டு நம்மை உள்ளே நிறுத்திவிடும் என்று படுக்கப் போகும்போது யார் நினைக்கிறார்கள்?

பள்ளியில் தீயணைப்புப் பயிற்சி என்றால் நம் எல்லாருக்கும் ஞாபகம் வருவது திடல்தான். பாதியாக வெட்டிய டிரம், அதில் எரிகிற எண்ணெய், பக்கத்தில் பொம்பா (தீயணைப்பு) வண்டி. ஓர் ஆசிரியர் முன்னால் வந்து சிவப்பு உருளையின் பின்னைப் பிடுங்கி வெள்ளைப் பொடியை அடிப்பார். பிள்ளைகள் கைதட்டுவார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது வெட்டவெளி, பட்டப்பகல். புகை காற்றோடு செம்பனை மரங்களைத் தாண்டிப் போய்விடும். வீட்டுத் தீயில் உயிரை எடுப்பது பெரும்பாலும் நெருப்பு அல்ல, புகை. அந்தப் புகையைத் திடலில் காட்ட வழியில்லை. வகுப்பறையில் பிள்ளைகளை உட்கார வைத்துப் புகை போடவும் முடியாது.

இந்த இடத்தில்தான் மெய்நிகர்க் கண்ணாடி, அதாவது 'வி.ஆர்.', உதவிக்கு வருகிறது. ஆபத்தைப் பொய்யாகச் செய்துகாட்டி மெய்யான பழக்கத்தை ஊட்டுவது பழைய யோசனைதான். அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர், ஆர்கன் வாத்தியம் செய்யும் தன் அப்பாவின் தொழிற்சாலையிலிருந்த துருத்திகளை வைத்தே 1929-இல் விமானப் பயிற்சிப் பெட்டி ஒன்றைச் செய்தார். மேகத்துக்குள் வழி தெரியாமல் விழுந்து சாவதற்குப் பதிலாக, விமானிகள் தரையிலிருந்த அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்து தப்புசெய்து கற்றார்கள். நம் காலத்தில் ஆஸ்திரேலியாவின் டீக்கின் பல்கலைக்கழகத்தில் பிறந்த 'ஃபிளெய்ம்' என்ற கருவி அதையே தீயணைப்பு வீரர்களுக்குச் செய்கிறது. கண்ணில் கண்ணாடி, கையில் குழாய், உடம்பில் சூடேறும் மேலங்கி. தண்ணீரைத் திறந்தால் குழாய் பின்னால் உதைக்கும். தீயை நெருங்கினால் மார்பு சுடும்.

அவ்வளவு ஆடம்பரம் நமக்குத் தேவையில்லை. சாதாரண வி.ஆர். கண்ணாடியே போதும். அதை மாட்டிக்கொண்ட பிள்ளை ஓர் அறையில் நிற்கிறது. புகை முதலில் கூரையைத் தொட்டுப் பரவி, கறுப்புப் போர்வை மாதிரி மெல்ல இறங்கி வருகிறது. நின்றால் ஒன்றும் தெரியவில்லை; குனிந்து தவழ்ந்தால் தரையோரம் கதவின் அடிப்பாகம் தெரிகிறது. "தவழ்ந்து போ" என்று நூறு முறை சொன்னாலும் ஏறாதது, முழங்கால் தரையில் பட்டதும் ஏறிவிடும். எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக்கூடாது என்பதும் அப்படித்தான். தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 1,700 மடங்கு விரிந்து, எரியும் எண்ணெயைக் கூரைவரை வீசும். கண்ணாடிக்குள் ஒரு தடவை ஊற்றிப் பார்த்த பிள்ளை, வீட்டில் அடுப்பை அணைத்துவிட்டு மூடியைத் தேடும்.

குறைகளும் உண்டு. உருளையின் கனம், பிடுங்க வராத பின், இவை கண்ணாடிக்குள் வராது. சிறிய உருளையின் பொடி சுமார் பத்து வினாடியில் தீர்ந்துவிடும். அந்தப் பதற்றத்தைக் கை நேரில் அறிய வேண்டும். சிலருக்குத் தலைசுற்றும். கண்ணாடி செய்யும் நிறுவனங்களே சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்கின்றன. மெட்டா நிறுவனம் 2023-இல்தான் வயது வரம்பை 13-லிருந்து 10-ஆகக் குறைத்தது, அதுவும் பெற்றோர் பொறுப்பில். முதலாம் ஆண்டு, இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கட்டில் விரிப்பை இரண்டு பேர் தாழப் பிடித்து, "இதுதான் புகை, தலையில் படாமல் போ" என்று அடியில் தவழவிட்டால் போதும். காசும் செலவில்லை.

எனக்குள்ள குறை வேறு. 2017 செப்டம்பர் 14 விடியற்காலை கோலாலம்பூர் டத்தோ கிராமாட்டில் ஒரு தாஹ்ஃபிஸ் (குர்ஆன் மனனப்) பள்ளி எரிந்து 23 பேர் இறந்தார்கள். பிள்ளைகள் மேல்மாடியில் தூங்கினார்கள். வாசல் பக்கம் தீ, சன்னல்களில் இரும்புக் கம்பி. 2004 ஜூலை 16-இல் கும்பகோணத்தில் பள்ளியின் கீற்றுக் கூரை பற்றி 94 குழந்தைகள் போனார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு எப்படித் தவழ்வது என்று தெரிந்திருந்தாலும், தவழ்ந்து போய்ச் சேர ஒரு திறந்த வாசல் வேண்டுமே!

ஆகவே, கண்ணாடிக்குள் வேறு யாருடைய அலுவலகத்தையோ, அகலமான படிக்கட்டும் பச்சை விளக்கு வாசலும் உள்ள கட்டடத்தையோ காட்டினால் நமக்கு அரைப் பாடம்தான். நம் வீடுகள் வேறு மாதிரி. 1906-இல் டேனிஷ்காரர் வெஸ்டன்ஹோல்ஸ் தொடங்கிய ஜெண்டராத்தா தோட்டம் எங்கள் ஹுத்தான் மெலிந்தாங் வட்டாரத்தில்தான் இருக்கிறது. அந்தக் காலத் தோட்டங்களில் லயத்து வீடுகள் ஒரே கூரையின் கீழ் நீளமாக ஓடின. ஒரு வீட்டில் பிடித்தால் பக்கத்து வீட்டுக்கும் பயம். இன்று பட்டணத்து வரிசை வீட்டில் பயம் கிரிலுக்கு மாறியிருக்கிறது. கண்ணாடிக்குள் நம் வீடு வரவேண்டும்: காமாட்சி விளக்கு எரியும் சாமி மேடை, அதன்மேல் தொங்கும் துணி, கேஸ் தோம்பு, ஒரே பிளக்கில் மூன்று ஒயர், வாசலில் கிரில், கிரிலில் மாங்காய்ப் பூட்டு. பிள்ளை அழைக்கவேண்டிய 999-உம், வெளியே வந்து கூடவேண்டிய மாமரமும்கூட.

இதை எழுதுவதற்கு முன், ராத்திரி விளக்கெல்லாம் அணைத்துவிட்டு என் வீட்டு வாசலை நானே திறந்து பார்த்தேன். கொத்தில் ஏழு சாவி. தடவித் தடவி நான்காவது சாவிதான் பூட்டில் இறங்கியது; நடுவே கொத்து ஒரு தடவை கீழே விழுந்தது. புகையும் இல்லை, பயமும் இல்லை, அப்படியும் ஒரு நிமிஷம் ஓடிவிட்டது. மறுநாள் கிரில் சாவியைத் தனியாகக் கழற்றி, சின்னவள் கைக்கு எட்டுகிற உயரத்தில், வெளியிலிருந்து கைவிட்டு எடுக்கமுடியாத இடமாகப் பார்த்து ஓர் ஆணி அடித்தேன்.