பழைமைக் கோலமும் பின்னாசனப் பாதுகாப்பும்

நெடும்பயணத்துக்கென வாங்கிய புதிய மோட்டார் சைக்கிளைப் பாட்டன்மார் காலத்து வண்டிபோல மாற்றியமைக்கும் ஆசை நமது இளைஞர்கள் சிலரிடம் காணப்படுகிறது. வட்ட விளக்கு, நீர்த்துளி வடிவ டேங்க், தோற்பை, நிக்கல் பூச்சு என்று கராஜில் கரையும் பணத்தின் கணக்கு உம்மாவுக்கோ மனைவிக்கோ தெரியவருவது பெரும்பாலும் கடைசியில்தான்.

ஆசையே தவறென்று கூற நான் வரவில்லை. நல்ல உடையையும் பாதணியையும் விரும்புவது பெருமையாகுமா என வினவப்பட்டபோது, அது பெருமையல்ல என்பதை நபி (ஸல்) அவர்கள் தெளிவுபடுத்தியதை ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். ஊரை எழுப்பும் சைலன்சர் வேறு விடயம். குரலைத் தாழ்த்துமாறு லுக்மானுல் ஹகீம் தம் மகனுக்குக் கூறிய உபதேசத்தை, சைலன்சரில் துளையிடும் பிள்ளைகளுக்கு ஒருமுறை ஓதிக் காட்டலாம்.

என் கவலையெல்லாம் பின்னாசனத்தைப் பற்றியது. பழைய தோற்றம் என்ற பெயரில் சாரி கார்டைக் கழற்றுகிறார்கள். செயின் கவரை அகற்றுகிறார்கள். மட்கார்டைக் குறுக்கி வெட்டுகிறார்கள். அபாயாவின் ஓரமோ ஷோலின் நுனியோ சக்கரக் கம்பியில் சிக்கினால், பிரேக் பிடிப்பதற்குள் துணி சுற்றிக்கொள்ளும். ஷோல் கழுத்தில் இறுகினால் உயிருக்கே ஆபத்து. இதற்காகவே பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பும், பின்னிருப்பவருக்குக் கைப்பிடியும் மிதியும் வேண்டும் என்று இந்தியாவின் 1989ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதிகள் கட்டாயப்படுத்தின. நம் வீதிகளில் ஓடும் இந்திய வண்டிகளில் அந்தக் காப்பு இருப்பது இதனால்தான்.

உண்மையான பழைய வண்டிகள் பல இப்படி வெறுமையாக இருக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. 1958இல் ஹோண்டா வெளியிட்ட சுப்பர் கப்பைப் பாருங்கள். அதன் செயின் முழுவதும் பெட்டிக்குள் அடங்கியிருந்தது.

அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன் இதே பழைமை ஆசையை வேறு விதமாகக் கையாண்டது. அந்நிறுவனத்தின் முற்கால வண்டிகளின் பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் கிடையாது. அந்தத் தோற்றம் வேண்டும், குலுக்கல் வேண்டாம். ஆகவே 1984 மாடலான சொஃப்டெய்லில் ஷொக் அப்சோபர்களைக் கியர்ப்பெட்டிக்கு அடியில் படுக்கை வசமாக மறைத்துவிட்டார்கள். 1986இல் வந்த ஹெரிட்டேஜ் சொஃப்டெய்ல் 1949ஆம் ஆண்டு வண்டியை நினைவூட்டும். ஆனால் ஏறியிருப்பவரின் முதுகு நோகாது.

சகோதரிகளே, உங்கள் வீட்டு வண்டி கராஜுக்குப் போகுமுன் சிலவற்றைக் கேட்டு வையுங்கள். பின்னாசனம் இருக்குமா? கைப்பிடி எங்கே? சாரி கார்ட் வழக்கமாக இடப்பக்கம் மட்டுமே இருக்கும். இருபுறமும் கால் போட்டு அமர்பவருக்கு அபாயா வலப்பக்கமும் தொங்கும். அங்கும் ஒரு காப்பு செய்விக்கலாம். அதற்கும் நிக்கல் பூசினால் பழைய அழகு குறையாது. தோற்பையை வாரில் மட்டும் தொங்கவிடாமல், சக்கரத்தில் படாதபடி இரும்புச் சட்டத்தில் பொருத்தச் சொல்லுங்கள். தேய்ந்த டயரையும் பிரேக்கையும் மாற்றிய பிறகு மீதிப் பணம் பளபளப்புக்குப் போகட்டும்.

ஏறி அமர்ந்ததும் அபாயாவின் இரு ஓரங்களையும் தொடைக்கடியில் மடித்துக்கொள்ளுங்கள். ஷோல் நுனியை உள்ளே செருகிவிட்டு, பயண துஆவை ஓதுங்கள். வண்டியை அதன் பிறகு எடுக்கச் சொன்னால் போதும்.