பவுண்டை 120-ஆல பெருக்காதீங்க: லண்டன்ல ஒரு சாதாரணச் சம்பளம்

இன்னைக்கு ஒரு கணக்கு போடப் போறோம். கையில பேனா இருந்தா எடுத்து வெச்சுக்கோங்க.

திருச்சியில ஒரு குடும்பம்னு வெச்சுக்குவோம். பிள்ளைங்க ரெண்டு பேரும் லண்டன்ல. அண்ணன் மாஸ்டர்ஸ் முடிச்சுட்டு ஆபீஸ் வேலை பார்க்கறார், வருஷச் சம்பளம் 28,000 பவுண்டு. தங்கச்சி யூசிஎல்-ல பிஎச்.டி. பண்றா, அவளுக்கு ஸ்டைபண்ட், அதாவது உதவித்தொகை, 22,780 பவுண்டு. இந்த ரெண்டாவது தொகை நான் சும்மா சொன்னதில்ல. யூகேஆர்ஐ, அதாவது பிரிட்டன் அரசோட ஆராய்ச்சி நிதி அமைப்பு, 2025-26-க்கு லண்டன்ல நிர்ணயிச்ச குறைந்தபட்சம் அது.

ஊர்ல அம்மா பார்வையில அண்ணன்தான் பெரிய சம்பளக்காரர். வித்தியாசம் 5,220 பவுண்டு. ஒரு பவுண்டு 120 ரூபாய்னு வெச்சுப் பெருக்கிப் பாருங்க, ஆறு லட்சத்தைத் தாண்டும்.

இப்போ அண்ணனோட பே ஸ்லிப்பைப் பிரிப்போம். முதல் 12,570 பவுண்டுக்கு வரி இல்ல. மீதி 15,430-க்கு 20 சதவீதம் வருமான வரி, 3,086 போச்சு. அதே 15,430-க்கு 8 சதவீதம் நேஷனல் இன்சூரன்ஸ், 1,234 போச்சு. பென்ஷனுக்கு ஒரு 870. எல்லாம் போக மாசத்துக்குக் கையில வர்றது சுமார் 1,901. தங்கச்சியோட ஸ்டைபண்டுக்கு வரியே கிடையாது. 22,780-ஐப் பன்னெண்டால வகுத்தா 1,898.

ஆறு லட்சமா தெரிஞ்ச வித்தியாசம், மாசத்துக்கு மூணு பவுண்டுகூட இல்ல! பஸ்ல போக ஒரு டிக்கெட், வர ஒரு டிக்கெட், அதுக்குக் கூடப் பத்தாது.

இதுக்கு மேல கவுன்சில் டாக்ஸ்னு ஒண்ணு இருக்கு, நம்ம ஊர் வீட்டு வரி மாதிரி. ஆனா இங்க அதைப் பொதுவா குடியிருக்கறவங்கதான் கட்டணும். வீட்ல எல்லாருமே முழுநேர மாணவர்னா அந்த வீட்டுக்கு விலக்கு. மூணு மாணவர், வேலை பார்க்கறவர் ஒருத்தர்னு சேர்ந்து ஒரு ஃபிளாட் எடுத்தா? 25 சதவீதம் தள்ளுபடி போக மொத்த பில்லும் அந்த வேலை பார்க்கறவர் பேர்ல வரும். இதைத் தெரிஞ்சுக்காம நாலு நண்பர்கள் ஒண்ணா வீடு எடுத்து, பில் வந்த அன்னைக்குப் பேச்சு வார்த்தை நின்னு போன கதைகள் நெறைய. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடியே பேசிக்கோங்க.

சரி, வாடகை. நேரம் இதுக்குத்தான் ஒதுக்கணும், ஏன்னா வருமானத்துல கிட்டத்தட்ட பாதி இங்கதான் போகுது.

தனி வீடெல்லாம் இந்தச் சம்பளத்துல மறந்துடுங்க. பேசறது ஒரு ரூம் பத்தி. மாசம் 800 பவுண்டு, பில் எல்லாம் சேர்த்துன்னு வெச்சுக்குவோம். உள்ள போகணும்னா முதல் மாச வாடகை 800. டெபாசிட் அதிகபட்சம் அஞ்சு வார வாடகை, அதுக்கு மேல கேட்கக் கூடாதுன்னு 2019-லேர்ந்து சட்டம் இருக்கு. அது 923 பவுண்டு. ஆக 1,723 பவுண்டு எடுத்து வெச்சாதான் சாவி. சம்பளமோ மாசக் கடைசியிலதான் வரும். அதுவரைக்கும் சாப்பிடணும், பஸ் ஏறணும். முதல் வேலைக்குச் சேர்றவங்க தடுமாறுறது இந்த முதல் மாசத்துலதான். ரெண்டு மாசச் செலவுக்கான பணம் கையில இருந்தா மூச்சு விடலாம்.

இங்க ஜாமீன் நிக்க ஆள் இல்லன்னு சொல்லி, ஆறு மாச வாடகையை மொத்தமா முன்கூட்டியே கேட்கற வழக்கம் இருந்தது. புதுச் சட்டப்படி, 2026 மே 1 முதல் தனியார் வீடுகள்ல ஒரு மாச வாடகைக்கு மேல முன்பணம் கேட்கக் கூடாது. பல்கலைக்கழக விடுதிகளுக்கு இது பொருந்தாது.

நம்ம ஆளுங்க அதிகமா மாட்டிக்கற இடம் இன்னொண்ணு. ஈஸ்ட் ஹாம்லயோ டூட்டிங்லயோ ஒரு தமிழ்க் குடும்பத்தோட வீட்ல மேல ஒரு ரூம். அக்கா அன்பா பேசுவாங்க, சாம்பார் வாசனை வேற வரும். ஆனா வீட்டுக்காரரும் அதே வீட்ல இருந்தா, சட்டப்படி நீங்க வாடகைதாரர் இல்ல, லாட்ஜர். மத்த வீடுகள்ல டெபாசிட்டை 30 நாளுக்குள்ள அரசு அங்கீகரிச்ச திட்டத்துல போட்டாகணும். லாட்ஜருக்கு அந்தக் கட்டாயம் இல்ல. அதனால வேண்டாம்னு சொல்லல, என்னைக் கேட்டா முதல் வருஷத்துக்கு அதுதான் நல்லதுன்னே சொல்வேன். "நம்ம அண்ணன்தானே"ன்னு ரசீது வாங்காம மட்டும் பணத்தைக் கொடுக்காதீங்க. பேங்க்ல போடுங்க, எதுக்காகன்னு குறிப்பும் எழுதுங்க.

எந்த ஏரியா? 1888-ல சட்டம் படிக்க லண்டன் வந்த காந்தி, கொஞ்ச நாள்லயே செலவு கைமீறுதுன்னு பார்த்து, வேலை இருக்கற இடத்துக்கு அரை மணி நேரத்துல நடந்து போகற மாதிரி அறை பார்த்து மாறினார். வண்டிச் செலவு மிச்சம், தினம் எட்டுப் பத்து மைல் நடையும் ஆச்சுன்னு சத்திய சோதனையில எழுதியிருக்கார். இன்னைக்கு யூசிஎல்-லேர்ந்து அரை மணி நடை தூரத்துல, 1,900 பவுண்டு வாங்கறவங்க ரூம் தேடினா, ரூம் கிடைக்கலாம், சாப்பாடு கிடைக்காது.

அதனால இப்போ கணக்கு தலைகீழ். தூரமா போங்க, ஆனா ரயில் மாறாம வர்ற தூரமா பாருங்க. ஈஸ்ட் ஹாம்லேர்ந்து ஹேமர்ஸ்மித் அண்ட் சிட்டி லைன்ல ஏறினா நேரா யூஸ்டன் ஸ்கொயர், யூசிஎல் பக்கத்துலயே. டிஸ்ட்ரிக்ட் லைன்ல ஏறினா டெம்பிள், அங்கேர்ந்து கிங்ஸ் காலேஜும் எல்எஸ்இ-யும் நடை தூரம். ஈஸ்ட் ஹாம் ஸ்டேஷன் மூணாவது, நாலாவது மண்டலங்களோட எல்லையில இருக்கு. நகரத்துக்குள்ள வரும்போது மூணாவது மண்டலக் கட்டணம்தான். இறங்கினா தமிழ்க் கடை, முருகன் கோவில்.

பஸ்னா இன்னும் மலிவு. 2025 கட்டணப்படி 1.75 பவுண்டு. முதல்ல கார்டைத் தொட்டதுலேர்ந்து ஒரு மணி நேரத்துக்குள்ள எத்தனை பஸ் மாறினாலும் அதே காசுதான், ஒரே கார்டைத் தொட்டா போதும். முழுநேர மாணவர்னா எந்த வயசானாலும் 16-25 ரயில்கார்டு வாங்கலாம். அதை ஆய்ஸ்டர் பயணக் கார்டோட இணைச்சுக் கொடுங்கன்னு ஸ்டேஷன் ஊழியர்கிட்ட கேளுங்க. கூட்ட நேரம் தவிர மத்த நேரத்துல டியூப் கட்டணம் மூணுல ஒரு பங்கு குறையும். வாங்கி பர்ஸ்ல வெச்சுட்டு, இணைக்காமலே மூணு வருஷம் படிச்சு முடிச்சவங்களும் உண்டு.

சாப்பாடு பத்தி அதிகம் சொல்லப் போறதில்ல. ஆல்டி, லிடில் மாதிரி மலிவுக் கடை, சாயங்காலம் விலை குறைச்சு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டின பாக்கெட், ஞாயித்துக்கிழமை மொத்தமா சமையல், இதெல்லாம் உங்களுக்கே தெரியும். ரஸ்ஸல் ஸ்கொயர் பக்கம் சோஆஸ் பல்கலைக்கழக வாசல்ல ஹரே கிருஷ்ணாக்காரங்க பல வருஷமா மாணவர்களுக்கு இலவசமா மதியச் சாப்பாடு போடறாங்க. நான் சொல்ல வர்றது வேற. நாலு பவுண்டு சாண்ட்விச்சைப் பார்த்ததும் 480 ரூபாயான்னு மனசு பெருக்கும். உடனே மதியம் பட்டினி. வந்த புதுசுல பல பேர் உடம்பைக் கெடுத்துக்கறது இப்படித்தான். வாடகையில நூறு பவுண்டு குறைஞ்சா, அது இருபத்தஞ்சு சாண்ட்விச்.

பே ஸ்லிப்புல தெரியாத செலவும் ஒண்ணு இருக்கு. அண்ணன் இருக்கறது ரெண்டு வருஷ கிராஜுவேட் விசாவுல. அதுக்கு மருத்துவக் கட்டணம் வருஷம் 1,035 பவுண்டு, ரெண்டு வருஷத்துக்கும் முன்கூட்டியே கட்டியாச்சு. பிரிச்சா மாசம் 86. அந்த விசா முடிஞ்சா அடுத்து ஸ்கில்டு வொர்க்கர் விசா. 2025 ஜூலை 22-லேர்ந்து அதுக்குப் பொதுவான குறைந்தபட்சச் சம்பளம் 41,700, புதுசா வேலைக்கு வர்றவங்களுக்கு 33,400. 28,000-ல அவர் எவ்வளவு சிக்கனமா இருந்தாலும் அந்தக் கதவு திறக்காது. சிக்கனத்துல காட்டற அக்கறையை அடுத்த வேலை தேடறதுலயும் காட்டியாகணும்.

கடைசியா, ஊருக்கு எவ்வளவு அனுப்பறது? 1914-ல கேம்பிரிட்ஜ் போன கணித மேதை ராமானுஜனுக்கு மெட்ராஸ் பல்கலைக்கழகம் வருஷத்துக்கு 250 பவுண்டு கொடுத்தது. அதுல 50 ஊர்ல குடும்பத்துக்குன்னு ஒதுக்கி வெச்சாங்க, அஞ்சுல ஒரு பங்கு. டிரினிட்டி காலேஜ் தனியா 60 கொடுத்தது, தங்கறதும் காலேஜுக்குள்ளேயே. அதே விகிதத்துல நம்ம தங்கச்சி அனுப்பினா மாசம் 380 பவுண்டு. அண்ணனுக்கு வாடகை 800, பயணம் 150, சாப்பாடு 250, போன், சில்லறைச் செலவு ஒரு 100 போனா மிச்சம் 600 பவுண்டு. எஜுகேஷன் லோன் தவணையும் அதுக்குள்ளதான்.

அடுத்த தடவை போன்ல அம்மா சம்பளம் எவ்வளவுன்னு கேட்டா, 28,000-னு சொல்லாதீங்க. 600-னு சொல்லுங்க. அதை வேணும்னா அவங்க 120-ஆல பெருக்கிக்கட்டும்.