பள்ளி வாசலில் குழந்தை ஏன் அழுகிறது?

ஜூன் மாதம் எல்.கே.ஜி. வாசலில் அம்மாவின் முந்தானையை விடாமல் அழும் குழந்தையைப் பிடிவாதக்காரி என்கிறோம். தவறு, அது பயம். அணைத்து வளர்த்தவரைப் பிரிந்தால் பதறுவது குழந்தையின் இயல்பு என்று பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி 1969 முதல் வெளியான தம் நூல்களில் விளக்கினார்.

மூன்றரை வயதில் நேரக் கணக்கு தெளிவாக இருக்காது. ‘மூணு மணிக்கு வரேன்’ என்றால் விளங்காது. ‘சாப்பிட்டு, தூங்கி எழுந்ததும் வரேன்’ என்றால் விளங்கும்.

பயம் கூடும்போது, கேட்டதை மனதில் நிறுத்தும் திறன் குறைகிறது. முதல் சில வாரங்களில் ‘அ, ஆ’ ஏறாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். பழகிய டீச்சர் முகமும், தினமும் அதே வரிசையில் வரும் பாட்டும் விளையாட்டும் பதற்றத்தைத் தணிக்கும்.

கண்ணில் படாமல் நழுவாதீர்கள். சொல்லிவிட்டுப் போங்கள்; சொன்னபடி வந்து நில்லுங்கள்.