உஷார்! சம்பளத்தை முப்பதால் வகுத்து ரேட் சொல்லாதீர்கள்

வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக கன்சல்டிங் தொடங்குபவர்கள் பலர், முதல் கொட்டேஷனிலேயே குழியில் இறங்கிவிடுகிறார்கள். வேலை வருகிறது, போன் அடிக்கிறது, அதனால் விழுந்ததே தெரிவதில்லை. ஆடிட்டர் முன்னால் உட்காரும்போதுதான் தெரிகிறது. அதற்குள் சேமிப்பு கரைந்திருக்கும்.

மாதம் 60,000 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தவர் அதை 30-ஆல் வகுக்கிறார். நாளுக்கு 2,000. ‘புதுசுதானே, இது போதும்’ என்று அதையே கட்டணமாகச் சொல்லிவிடுகிறார். அந்த 30 நாளில் ஞாயிற்றுக்கிழமைக்கும் பொங்கலுக்கும் காய்ச்சலில் படுத்த நாளுக்கும்கூட கம்பெனி சம்பளம் கொடுத்ததே, இனி யார் கொடுப்பார்?

பேப்பரை எடுத்துக் கணக்குப் போடுங்கள். 365 நாளில் சனி, ஞாயிறு மட்டுமே 104. பண்டிகை, வீட்டு விசேஷம், உடம்பு சரியில்லாத நாள் என்று இன்னும் 20 போனால் மிச்சம் சுமார் 240. அதில் பாதி, ஆள் பிடிக்க அலைவதிலும் கொட்டேஷன் போடுவதிலும் பாக்கிக்குப் போன் செய்வதிலும் போய்விடும். முதல் வருடத்தில் 120 நாளுக்குப் பில் போட முடிந்தாலே பெரிய விஷயம். நாளுக்கு 2,000 என்றால் மொத்தம் 2,40,000. அதாவது மாதம் 20,000! லேப்டாப், இன்டர்நெட், மெடிக்கல் இன்ஷூரன்ஸ், ஆடிட்டர் ஃபீஸ் எல்லாம் இதற்குள்ளேதான்.

பழைய சம்பளம் வருடத்துக்கு 7,20,000. செலவுக்கு 2,00,000 என்று வைத்து, இரண்டையும் கூட்டி 120-ஆல் வகுத்தால் 7,667 ரூபாய் வருகிறது. கம்பெனி போட்ட பி.எஃப். பங்கு இதில்கூட சேரவில்லை. இந்தத் தொகையைச் சொல்ல வாய் கூசும். கூசட்டும். இதற்குக் கீழே சொல்லும் ஒவ்வொரு ரூபாயும் உங்கள் வீட்டுப் பணம்.

‘ஆரம்பத்தில் குறைச்சு வாங்கிட்டு அப்புறம் ஏத்திக்கலாம்’ என்று நினைப்பவர்களைப் பார்த்தால்தான் எனக்கு அதிகம் பயமாக இருக்கிறது. குறைத்துச் சொன்ன ரேட், உங்களைப் பரிந்துரைப்பவர் மூலம் அடுத்த வாடிக்கையாளரிடம் உங்களுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடும். தள்ளுபடி கொடுத்தே ஆக வேண்டுமென்றால், பில்லில் முழு ரேட்டைப் போட்டு, கழிவைத் தனி வரியில் காட்டுங்கள். எந்த மாதம் வரைக்கும் அந்தக் கழிவு என்றும் எழுதுங்கள்.

அடுத்த ஆபத்து ஒரு சின்னக் கேள்வியில் வருகிறது. “எல்லாம் சேர்த்துத்தானே சார், 50,000?” நீங்களும் தலையாட்டிவிடுவீர்கள். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம், கன்சல்டிங் சேவைக்கு வரி 18%. ‘எல்லாம் சேர்த்து’ என்று ஒப்புக்கொண்டிருந்தால் அந்த 50,000-இல் 7,627 ரூபாய் அரசுக்குப் போகும். உங்களுக்கு 42,373 மட்டும்தான். இத்தனைக்கும் ஜி.எஸ்.டி. பதிவுள்ள கம்பெனிகள் பெரும்பாலும் இந்த வரியை இன்புட் கிரெடிட்டாக எடுத்துக்கொள்ளும். அவர்களுக்கு நஷ்டமே இல்லை. இன்றைக்குப் பதிவு இல்லாவிட்டாலும் ‘பதிவு செய்த பிறகு ஜி.எஸ்.டி. தனி’ என்று கொட்டேஷனில் இப்போதே எழுதிவிடுங்கள்.

கம்பெனிகள் டி.டி.எஸ். பிடித்துக்கொண்டுதான் பணம் அனுப்பும், தொழில்முறைக் கட்டணம் என்றால் 10%. உங்கள் வரிக்கு மேல் பிடித்திருந்தால் ரிட்டர்ன் போட்டுத் திரும்பப் பெறலாம். ஆனால், அதுவரை கையில் இருக்காது.

பாக்கி விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுத்தாக வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள்தான். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. இந்தப் பாதுகாப்புக்கு, எம்.எஸ்.எம்.இ.களுக்கான அரசின் உத்யம் பதிவு முக்கியம். அதற்குக் கட்டணம் கிடையாது. பாக்கி நின்ற பிறகு ஓடிப்போய்ப் பதிவு செய்தால் பழைய பில்லுக்கு அது கை கொடுக்காமல் போகலாம். முதல் வேலையில் கை வைப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.