கண்டி குளிரா, வெக்கையா?

விடுமுறைக்குக் கண்டியில் உள்ள அம்மம்மா வீட்டுக்கு இரண்டு பேரப்பிள்ளைகள் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நுவரெலியாவிலிருந்து வந்தவள் "என்ன வெக்கை!" என்று சுவெற்றரைக் கழற்றுகிறாள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன் "சரியான குளிர்" என்று அதையே எடுத்துப் போட்டுக்கொள்கிறான். இருவர் சொல்வதும் உண்மை. நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கண்டி 500 மீற்றர் அளவில், யாழ்ப்பாணம் கடலோடு கடலாக. கண்டியில் உண்மையில் எவ்வளவு வெப்பம் என்பதை வெப்பமானியைப் பார்த்துத் தீர்த்துவிடலாம்.

மனிதரின் குணத்துக்கு என்ன செய்வது, பிள்ளைகளே? வெளியாள் ஒருவர் பார்த்துச் சொன்னால் போதுமா?

1660இல் ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேய மாலுமி இரண்டாம் இராஜசிங்க மன்னனின் ஆட்களிடம் பிடிபட்டார். கண்டி இராச்சியத்தில் 19 ஆண்டுகளுக்கு மேல் கைதியாக வாழ்ந்தார். தொப்பி பின்னி விற்றார். எலதெத்த என்ற ஊரில் வீடும் கட்டினார். தப்பிப்போன பின், 1681இல், அவருடைய புத்தகம் லண்டனில் வெளிவந்தது. தாழ்நிலத்து மக்கள் இரக்கமும் நேர்மையும் உள்ளவர்கள், மலைநாட்டார் வெளியே மரியாதை காட்டி உள்ளே வஞ்சம் வைப்பவர்கள் என்று அதில் எழுதினார். அவர் எழுதிய வயல், வீடு, உடை எல்லாம் எனக்கு மிகவும் பிடிக்கும். இந்தத் தீர்ப்பை மட்டும் ஏற்கமாட்டேன். தன்னை வெளியே விடாத ஊரைக் கைதி ஒருவர் வேறு எப்படிப் பார்த்திருப்பார்?

ஊரார் தங்களைப் பற்றித் தாங்களே சொன்னால்? 2005இல் 'சயன்ஸ்' இதழில் 49 பண்பாடுகளைப் பற்றிய ஓர் ஆய்வு வந்தது. "உங்கள் நாட்டவர் எப்படிப்பட்டவர்?" என்று மக்களிடம் கேட்டார்கள். அங்குள்ள தனித்தனி ஆட்களின் குணத்தை அளந்த முடிவுகளோடு அந்தப் பதில்களை ஒப்பிட்டார்கள். இரண்டும் பொருந்தவில்லை.

தனி ஆளை அளப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. "நான் நேரம் தவறமாட்டேன்" என்ற வரிக்கு 1 முதல் 5 வரை புள்ளி போடச் சொன்னால், நாம் பக்கத்தில் இருப்பவர்களோடு நம்மை ஒப்பிட்டுத்தான் போடுவோம். எல்லாரும் மணிக்கு முன்பே வரும் ஊரில், ஐந்து நிமிடம் பிந்துகிறவர் தனக்கு 2 போடுவார். எல்லாரும் அரை மணி பிந்தும் ஊரில், அதே ஆள் 5 போடுவார். சுவெற்றர் கதைதான்!

அதனால் ஆய்வாளர்கள் ஒரு வழி கண்டார்கள். எல்லா ஊராரிடமும் ஒரே கற்பனை ஆளைக் காட்டிப் புள்ளி போடச் சொல்வது. அதைப் பார்த்தால் அந்தந்த ஊரின் அளவுகோல் எவ்வளவு நீளம் என்று தெரிந்துவிடும்.

நீங்களும் செய்து பாருங்கள். மலர் வகுப்பில் தானாகக் கை தூக்கமாட்டாள். ஆசிரியர் கேட்டால் தெளிவாகப் பதில் சொல்வாள். இடைவேளையில் இரண்டு தோழிகளோடு மட்டும் பேசுவாள். அவள் எவ்வளவு கூச்சக்காரி? ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண்ணை எழுதி மூடி வையுங்கள். பிறகு வேறு ஊரில் இருக்கும் மச்சானையோ மச்சாளையோ கேளுங்கள்.